நின்றவருக்கே வெளிச்சம்

(ஒளிப்படம் பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திரையில் நீங்கள் பார்க்கிற தெரு பாரிஸ் நகரத்தில் இருக்கிறது. புலவார் து தாம்ப்ள் என்று பெயர். லூயி தாகேர் 1838இல் தன் வேலைக்கூடத்து ஜன்னலிலிருந்து இந்தப் படத்தை எடுத்தார். வரிசையாக மரங்கள், உயர்ந்த வீடுகள், அகலமான சாலை, நல்ல வெளிச்சம். கூரை ஓடுகளைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் சாலையில் ஒரு வண்டி இல்லை, ஒரு குதிரை இல்லை, நடந்துபோகிற ஆள் ஒருவர்கூட இல்லை. நாடகக் கொட்டகைகள் நெருக்கமாக இருந்த தெரு அது. பகல் முழுக்கக் கூட்டம் அலைமோதிய இடம். அத்தனை பேரும் எங்கே போனார்கள்?

கீழே இடது மூலைக்குப் போங்கள். நடைபாதை ஓரத்தில் ஒருவர் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு எதிரே இன்னொருவர் குனிந்து அவருடைய பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் ஒளிப்படங்களில் பதிவாகியிருக்கும் முதல் மனிதர்கள் இவர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். தந்தி கண்டுபிடித்த சாமுவேல் மோர்ஸ் அடிப்படையில் ஓவியர். 1839 மார்ச்சில் பாரிஸில் இருந்தபோது தாகேரின் வேலைக்கூடத்துக்குப் போய் இந்த மாதிரிப் படங்களைப் பார்த்தார். ஊருக்கு எழுதிய கடிதத்தில், தெரு வெறிச்சோடிக் கிடப்பதையும், பூட்ஸ் துடைத்துக்கொள்ளும் ஆளின் கால்கள் மட்டும் தெளிவாக இருப்பதையும், அசைந்துகொண்டிருந்ததால் உடம்பும் தலையும் பதியாமல் போனதையும் குறித்திருக்கிறார். நல்ல கண். மறுநாள் தாகேர் பதில் மரியாதையாக மோர்ஸின் தந்திக் கருவியைப் பார்க்கப் போயிருந்த வேளையில்தான் அவருடைய டயோராமா என்ற காட்சி அரங்கம் தீப்பிடித்து எரிந்துபோனது. அது வேறு கதை.

இந்தப் படத்தைக் காட்டாத ஒளிப்பட வகுப்பு கிடையாது. 'அந்தக் காலத்தில் பல நிமிடம் திறந்து வைக்க வேண்டியிருந்தது, அதனால் நகர்ந்தவர்கள் பதியவில்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிடப் போகிறேன். பூட்ஸ் துடைத்துக்கொண்டவருக்கும் அவரைக் கடந்துபோன குதிரை வண்டிக்கும் ஒரே சூரியன், ஒரே லென்ஸ், ஒரே தகடு, அதே சில நிமிடங்கள். ஒருவர் பதிந்தார், மற்றது பதியவில்லை. அப்படியென்றால் 'இந்தப் படத்தின் எக்ஸ்போஷர் ஐந்து நிமிடம்' என்று நாம் சொல்லும்போது, அந்த ஐந்து நிமிடம் யாருடையது?

பாடப்புத்தகப் பகுதியை வேகமாக முடித்துவிடுகிறேன். எக்ஸ்போஷர் என்பது ஃபிலிமில் அல்லது சென்சாரில் வந்து விழும் ஒளியின் மொத்த அளவு. அதை நாம் இரண்டு இடத்தில் கட்டுப்படுத்துகிறோம்: லென்ஸின் துளை, அதாவது அபர்ச்சர், எவ்வளவு அகலம், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. ஐ.எஸ்.ஓ. என்பது விழுந்த ஒளியை எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்கிற சங்கதி. அதை இன்று ஓரமாக வைத்துவிடலாம். இதற்கு எல்லா ஆசிரியர்களும் சொல்லும் உதாரணம் குழாயும் குடமும். குழாயை அகலத் திறந்தால் குடம் சீக்கிரம் நிரம்பும். ஒல்லியாகத் திறந்தால் நேரம் பிடிக்கும். எப்படியானாலும் நிரம்புகிற குடம் ஒன்றுதான்.

ஷட்டர் டயலில் உள்ள எண்கள் உங்களுக்கு மனப்பாடம்: 1 நொடி, 1/2, 1/4, 1/8, 1/15, 1/30, 1/60, 1/125, 1/250, 1/500, 1/1000. ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. எட்டின் இரட்டிப்பு பதினாறுதானே, பதினைந்து எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. எண்ணைச் சுலபமாக்கிக்கொண்டார்கள், படத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. அபர்ச்சர் பக்கம் 2.8, 4, 5.6, 8, 11, 16. அதிலும் ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்கும். இந்த ஒரு படியைத்தான் 'ஒரு ஸ்டாப்' என்கிறோம். மீட்டர் இல்லாத காலத்துக்காரர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது: உச்சி வெயிலில் எஃப் 16 வைத்துக்கொள், ஷட்டரை ஃபிலிமின் வேக எண்ணுக்கு நெருக்கமாக வை. 100 ஃபிலிம் என்றால் 1/125. அங்கிருந்து ஷட்டரை ஒரு படி வேகமாக்கினால் துளையை ஒரு படி அகலமாக்கு: 1/250க்கு எஃப் 11, 1/500க்கு எஃப் 8, 1/1000க்கு எஃப் 5.6. இந்த நான்கில் எதில் எடுத்தாலும் சுவர் அதே வெளுப்பில் வரும்.

இந்த ஈடுகட்டலைப் புன்சன், ரோஸ்கோ என்ற இருவர் 1862இலேயே விதியாகச் சொல்லிவிட்டார்கள். மிக நீண்ட நேரங்களில் ஃபிலிம் இந்த விதிக்குக் கட்டுப்படாமல் சோம்பிப்போகும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விண்மீன்களைப் படமெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்ட் கண்டார். கருந்துளைக் கணக்கோடு பெயர் சேர்ந்திருக்கிற அதே ஷ்வார்ட்ஸ்சைல்ட்தான். மீட்டர் பத்து நொடி சொன்னால் ஃபிலிம் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். சென்சாருக்கு அந்தச் சோம்பல் இல்லை. அதனால் உங்கள் தலைமுறைக்கு இந்தத் தொல்லை விட்டது.

குழாய்க் கணக்கில் எல்லோரும் சொல்லாமல் விடுகிற ஒரு நிபந்தனை இருக்கிறது. குடம் குழாயடியிலேயே இருக்க வேண்டும். குழாய் ஐந்து நிமிடம் ஓடுகிறது, ஆனால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர் குழாயைக் கடந்து போகிறார் என்றால் அவர் குடத்தில் ஒரு கை நீர்கூட இருக்காது. குழாய் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. அதன் கீழே அவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதுதான் கணக்கு. ஷட்டரும் அப்படியே. நகரும் பொருளின் எக்ஸ்போஷரைத் தீர்மானிப்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அல்ல, அந்தப் பொருளின் பிம்பம் தகட்டில் ஒரே புள்ளியில் தங்கும் நேரம். இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை பாடப்புத்தகம் சரி. இரண்டும் பிரிகிற இடத்தில்தான் நீங்கள் படமெடுக்கக் கற்றுக்கொள்கிறீர்கள்.

தாகேரின் தெருவுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். நிதானமாக நடக்கும் ஒருவர் நொடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் போவார். உடம்பின் அகலம் அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சாலையின் ஏதாவது ஒரு புள்ளியை அவர் மறைத்திருப்பது 1/3 நொடி. தகடு திறந்திருந்தது 5 நிமிடம், அதாவது 300 நொடி என்று கொள்வோம். அந்தப் புள்ளியில் விழுந்த ஒளியில் 900 பங்குக்கு ஒரு பங்குதான் அந்த ஆளுடையது. மீதி 899 பங்கு அவருக்குப் பின்னால் இருந்த சாலையுடையது. ஸ்டாப் கணக்கில் சொன்னால் பத்து ஸ்டாப்புக்குச் சற்றே குறைவு. தாகேரின் தகட்டை விடுங்கள், உங்கள் கையில் இருக்கும் இன்றைய கேமராவிலும் அந்த ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அவர்கள் 'பதியவில்லை' என்று சொல்வது சரியல்ல. பதிந்தார்கள். சாலை அவர்களைவிட ஏறக்குறைய தொள்ளாயிரம் மடங்கு அழுத்தமாகப் பதிந்துவிட்டது.

ஒருவர் போய் அடுத்தவர் அதே இடத்தில் வந்துகொண்டே இருந்தால்? அப்போது தனித்தனி ஆட்கள் மறைந்து, கூட்டம் மட்டும் ஒரு மூட்டமாகத் தங்கும். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1990களின் தொடக்கத்தில், அலெக்ஸே திதாரென்கோ செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். படி முழுக்கப் புகை ஏறிப்போகிறது. புகைக்கு நடுவே கைகள், கைகள் மட்டும், இரும்புக் கம்பியைப் பற்றியபடி தெரிகின்றன. ஏன் கைகள்? நெரிசலில் ஏறுகிறவர்கள் கம்பியைப் பிடித்த பிடி சில கணங்கள் மாறாமல் இருந்தது. உடம்பு நகர்ந்தது, கை நின்றது. நின்றதற்கு எக்ஸ்போஷர் கிடைத்தது. ஒரு சமூகத்தின் வறுமையையும் பதற்றத்தையும் சொல்லும் படங்கள் என்று அவற்றை விமர்சகர்கள் எழுதுகிறார்கள், சரிதான். எனக்கு அவற்றில் முதலில் தெரிவது இந்தக் கணக்குதான். ரயில் நிலையத்தில் ஒரு நொடி, இரண்டு நொடி வைத்து எடுத்துப் பார்த்தாலும் இதையே காணலாம். நடப்பவர்களின் உடம்பு கரைந்திருக்கும், செருப்புகள் மட்டும் தரையில் தெளிவாக இருக்கும். நடையில் ஊன்றிய கால் சிறிது நேரம் அசையாமல் இருக்கிறது அல்லவா.

அருவி மூட்டமாக வருவதும் இதே காரணத்தால்தான். குற்றாலத்தில் ட்ரைபாட் வைத்து 2 நொடி எடுத்தால் தண்ணீர் பால் போல வருகிறது என்று சந்தோஷப்படுகிறோம். ஒவ்வொரு துளியும் நிற்காமல் ஓடினாலும், அது விட்ட இடத்தில் அடுத்த துளி வந்துகொண்டே இருக்கிறது. அந்த இடத்துக்குக் கிடைப்பது எல்லாத் துளிகளின் சராசரி. இந்தப் பால் அருவி எனக்கு அலுத்துப்போய்விட்டது என்பதை மறைக்க மாட்டேன். குற்றாலத்துத் தண்ணீர் தலையில் அடிக்கிற அடி அதில் இல்லை. 1/250இல் எடுங்கள், அந்த அடி கொஞ்சமாவது தெரியும்.

இந்தச் சராசரியை அதன் எல்லைக்கே கொண்டுபோனவர் ஹிரோஷி சுகிமோடோ. 1970களின் பிற்பகுதியிலிருந்து பழைய திரையரங்குகளுக்குள் பெரிய கேமராவை வைத்து, சினிமா தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடினார். இரண்டு மணி நேரப் படம் என்றால் நொடிக்கு 24 வீதம் 1,72,800 சட்டங்கள். காதல், சண்டை, கண்ணீர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கடைசியில் திரை வெறும் வெள்ளை. அந்த வெள்ளையின் வெளிச்சத்தில் கொட்டகையின் சிற்ப வேலைப்பாடு, காலி நாற்காலிகள், எல்லாம் துல்லியமாக வந்திருக்கின்றன. நாற்காலிகளுக்கு முழு இரண்டு மணி நேரமும் கிடைத்தது. கதாநாயகனுக்கு எந்தப் புள்ளியிலும் சில கணங்களுக்கு மேல் கிடைக்கவில்லை.

இதுவரை இருண்ட பொருள்கள் வெளிச்சத்தின் முன்னால் நகர்வதைப் பார்த்தோம். இருட்டில் ஒளியே நகர்ந்தால் என்ன ஆகும்? மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி, 'சார், தீபாவளி வாணத்துக்கு ஷட்டர் ஸ்பீடு என்ன வைக்கணும்?' என்பது. வெளிச்சத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கே பொருள் இல்லை. வாணம் வெடித்துச் சிதறும் ஒவ்வொரு பொறியும் சென்சாரில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு புள்ளியில் அது தங்குவது ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோ. ஷட்டர் 2 நொடி திறந்திருந்தாலும் 10 நொடி திறந்திருந்தாலும் அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது அதே நூற்றில் ஒரு பங்குதான். கோட்டின் பிரகாசத்தை முடிவு செய்வது அபர்ச்சர். ஐ.எஸ்.ஓ. 100இல் எஃப் 8க்கும் 16க்கும் நடுவே எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் முடிவு செய்வது வானத்தில் எத்தனை பூ வேண்டும் என்பதை மட்டும். பல்ப் நிலையில் திறந்து வைத்து, ஒரு வெடிக்கும் அடுத்ததற்கும் இடையே லென்ஸை ஒரு கறுப்பு அட்டையால் மறைத்துக்கொண்டு, மூன்று நான்கு பூக்களை ஒரே படத்தில் சேர்க்கலாம். புகை மட்டும் நிற்கிற பொருள். அது சேர்ந்துகொண்டே போய் வானத்தைச் சாம்பலாக்கும். அதற்குத்தான் அட்டை.

நம்பிக்கை வராவிட்டால் இரவு ஏதாவது மேம்பாலத்தின் பக்கம் போய்ப் பாதுகாப்பான இடத்தில் ட்ரைபாட் போடுங்கள். கத்திப்பாரா மாதிரி சுற்றிச் சுற்றிப் போகிற பாலமாக இருந்தால் நல்லது. எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100, இரண்டையும் தொடாதீர்கள். 2 நொடி, 8 நொடி, 30 நொடி என்று மூன்று படம் எடுங்கள். கட்டடங்களும் தார்ச்சாலையும் ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் ஏறும். கார்களின் முகப்பு விளக்குக் கோடுகள் ஏறாது. நீளும், எண்ணிக்கை கூடும், ஆனால் தனி ஒரு கோட்டின் பளபளப்பு முதல் படத்தில் இருந்ததுதான். ஒரே படத்துக்குள் இரண்டு எக்ஸ்போஷர்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனிக் கைப்பிடி இருக்கிறது. நிற்பதற்கு ஷட்டரும் அபர்ச்சரும், ஓடுவதற்கு அபர்ச்சர் மட்டும்.

விண்மீன் எடுக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் பனியில் உட்கார்ந்து ஏமாறுகிறார்கள். பூமி சுழல்வதால் விண்மீனின் பிம்பமும் சென்சாரில் மெல்ல நகர்கிறது. 24 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய 20 நொடி வரை அது புள்ளியாகவே தெரியும். 500ஐ லென்ஸின் எண்ணால் வகுத்தால் வருவது அது. அதற்குமேல் திறந்து வைத்தால் புள்ளி கோடாகும், பிரகாசம் கூடாது. ஆனால் ஊர் வெளிச்சம் ஏறிய வானம் நிற்கிற பொருள். அதன் வெளுப்பு கூடிக்கொண்டே போகும். மங்கலான விண்மீன்கள் அதற்குள் மூழ்கிவிடும். 'இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் இன்னும் நிறைய விண்மீன் வரும்' என்பது ட்ரைபாட்டில் கேமராவைக் கட்டிவைத்த வரையில் பொய். வானத்தின் சுழற்சியோடு கேமராவையும் சேர்த்துச் சுழற்றும் கருவி இருந்தால் அது மெய்யாகும். குடத்தோடு குழாயும் கூடவே போகிறது.

அடுத்தது கல்யாண மண்டபம். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சோறு போடப்போகிற இடம். ஃபிலிம் காலத்துக் கல்யாண ஆல்பங்களை வீட்டில் எடுத்துப் பாருங்கள். மணமக்கள் பளிச்சென்று இருப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்த சொந்தபந்தம் எல்லாம் கரிய இருட்டில். மண்டபத்தில் அத்தனை டியூப்லைட் எரிந்துகொண்டிருந்ததே, எங்கே போயிற்று? ஃபிளாஷ் வெளிச்சம் வந்துபோவது 1/1000 நொடி அளவில். ஷட்டர் 1/60 திறந்திருந்தாலும் 1/15 திறந்திருந்தாலும் அந்த மின்னல் முழுதாக உள்ளே வந்துவிடும். மணமக்களின் முகத்துக்கு எக்ஸ்போஷர் தருவது ஃபிளாஷின் பலமும் அபர்ச்சரும். ஷட்டருக்கு அதில் பங்கே இல்லை. ஆனால் டியூப்லைட் வெளிச்சம் நிற்கிற வெளிச்சம். அதற்கு ஷட்டர் நேரம்தான் உயிர். 100 ஃபிலிமில் எஃப் 8, 1/60 என்று வைத்தால் மண்டபத்து விளக்குகளுக்கு அது போதவே போதாது. கூடவே, ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் இரட்டிப்பானால் நான்கில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். பின்வரிசைக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

அன்றைய போட்டோகிராபர் ஷட்டரை 1/15க்கு இறக்கியிருந்தால் முகங்கள் அப்படியே இருந்திருக்கும், மண்டபம் இரண்டு ஸ்டாப் எழுந்து வந்திருக்கும். ஏன் செய்யவில்லை? 1/15இல் கை நடுங்கிவிடும் என்ற பயம் ஒன்று. அது பெரும்பாலும் வீண் பயம். முகத்தை ஃபிளாஷ் நிறுத்திவிடுகிறது, நடுக்கம் பின்னணியில்தான் போய்ச் சேரும். இன்னொன்று, டயலைத் தொடவே வேண்டாம் என்ற கட்டுப்பாடு. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. அதைச் சொல்ல ஷட்டருக்குள் போக வேண்டும்.

அதற்கு முன் ஒரு குதிரையைப் பார்த்துவிடலாம். 1878 ஜூனில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பண்ணையில், எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து சாலி கார்ட்னர் என்ற குதிரையின் பாய்ச்சலைப் பிடித்தார். குதிரையின் வேகம் நொடிக்கு 16 மீட்டர் அளவில். 1/1000 நொடியில் அது நகர்வது 16 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு நேரத்தைச் சுருக்கியதால் தாகேரின் தெருவில் நடந்த அநியாயம் இங்கே நடக்கவில்லை. பின்னணிக்கும் குதிரைக்கும் சமமாக ஒளி கிடைத்தது. ஆனால் சமமாக, மிகக் கொஞ்சமாக. அவர் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் தகடு. முகம் எடுப்பதற்கே அதற்குச் சில நொடிகள் வேண்டும். அதனால்தான் பின்னால் வெள்ளைத் திரை கட்டினார். திரை பதிந்தது; குதிரையும் ஜாக்கியும் ஏறக்குறைய வெறும் நிழலுருவங்கள். நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றனவா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நிழலுருவம் போதுமாக இருந்தது. அது அண்டர் எக்ஸ்போஷர் ஆன படம்தான். உலகத்தில் அதிகம் பேசப்பட்ட அண்டர் படம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

வெளிச்சம் போதாத அந்தத் தடையை ஹெரால்ட் எட்கர்டன் எம்.ஐ.டி.யில் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். இருட்டறையில் ஷட்டரைத் திறந்தே வைத்துவிடுவது, நொடியின் மிகச் சிறிய துணுக்கில் வந்துபோகும் பலமான மின்பொறியை மட்டும் வெடிக்க விடுவது. 1957இல் அவர் எடுத்த பால்துளியின் கிரீடமும், 1964இல் எடுத்த ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் தோட்டாவும் அப்படி வந்தவை. அந்தப் படங்களுக்கு ஷட்டர் வேகம் என்ன என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஷட்டருக்குள் வருகிறேன். இரண்டு வகை. லென்ஸுக்குள்ளேயே இதழ்கள் விரிந்து மூடுவது ஒன்று. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் செல்லமாக வைத்திருந்த யாஷிகா மேட் அந்த ரகம். ஃபிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள் ஓடுவது மற்றொன்று; பென்டாக்ஸ் கே1000 போன்ற எஸ்.எல்.ஆர்.கள் அந்த ரகம். முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே ஓடி மூடும். 1/60 வரை சட்டம் முழுவதும் ஒரு கணமாவது முழுதாகத் திறந்திருக்கும். அதைவிட வேகமாக வைத்தால், முதல் திரை போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். ஃபிலிமின் குறுக்கே ஓடுவது ஒரு பிளவு மட்டுமே. ஒவ்வொரு புள்ளிக்கும் 1/1000 கிடைப்பது நிஜம். ஆனால் பிளவு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 1/60 நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. அந்தப் பிளவு ஓடும்போது ஃபிளாஷ் வெடித்தால் அதற்குள் தெரியும் பட்டைக்கு மட்டும் வெளிச்சம், மீதி கறுப்பு. தாலி கட்டும் நேரத்தில் டயல் தவறி 1/250க்குப் போயிருந்தால் மாப்பிள்ளை இருப்பார், பெண் இருக்க மாட்டார். டயலை 1/60இல் வைத்துத் தொடாமல் இருந்ததன் காரணம் இதுதான். நிக்கான் எஃப்.எம்.2 போன்ற கேமராக்கள் 1980களில் இந்த எல்லையை 1/200க்கும் பிறகு 1/250க்கும் உயர்த்தின. யாஷிகா மேட்டுக்கு அந்தக் கவலையே இல்லை. 1/500 வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் அடிக்கலாம்.

அந்தப் பிளவு ஓடுவதை அப்பட்டமாகக் காட்டும் படம் ஒன்று இருக்கிறது. ழாக் ஆன்ரி லார்டீக், 1912 என்று தன் குறிப்பில் எழுதிவைத்திருக்கும் கார்ப் பந்தயப் படம். அந்தக் கணக்கில் எடுத்தபோது அவருக்கு 18 வயது. காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினார், ஆனால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பிளவு செங்குத்தாக ஓடிய நேரத்தில் கார் முன்னேறிவிட்டது. சக்கரம் முட்டை வடிவத்தில் முன்னால் சாய்ந்தது. கேமரா திரும்பிக்கொண்டிருந்ததால் பார்வையாளர்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். காரின் முன்பாதி சட்டத்திலிருந்து வெட்டுப்பட்டுவிட்டது. கெட்டுப்போன படம் என்று நினைத்து அவர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1963இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. இன்று வேகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கார்ட்டூன்காரர்கள்கூடச் சக்கரத்தை அப்படிச் சாய்த்து வரைகிறார்கள்.

உங்கள் கைபேசியிலும் அதே பிளவு இருக்கிறது. திரைகள் கிடையாது, சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஓடும் மின்விசிறியை எடுத்தால் இறக்கை வளைந்து வருவது அதனால். 2021இல் வந்த நிக்கான் இசட்9 இயந்திர ஷட்டரையே கைவிட்டுவிட்டு வரிகளைப் படிக்கும் வேகத்தை வெகுவாகக் கூட்டியது. 2023இல் சோனி அறிவித்த ஏ9 மூன்றாம் பதிப்பு எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் படிக்கிறது. 1/80000 நொடி வரை போகிறது, எந்த வேகத்திலும் ஃபிளாஷ் அடிக்கலாம். விலையைச் சொன்னால் இங்கே சிலர் எழுந்து போய்விடுவீர்கள்.

நாம் வைத்திருக்கும் சாதாரணக் கேமராக்களில் இந்தப் பிளவோடு இன்னொரு சிக்கல் வந்து சேர்கிறது. இதுவரை நின்ற பொருள், நகரும் பொருள் என்று பேசினோம். விளக்கே நிலையாக எரியவில்லை என்றால்? நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை ஏறி இறங்குவதால் டியூப்லைட்டும் மட்டமான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/1000 வைத்தால் பிளவு ஓடும் நேரத்துக்குள் விளக்கு மங்கவோ எழவோ செய்யும். படத்தில் இருளும் ஒளியுமாகப் பட்டைகள் விழும். 1/100 வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் சரியாக ஒரு முழு ஏற்ற இறக்கம், 1/50 வைத்தால் இரண்டு. எல்லா வரிக்கும் ஒரே அளவு. யாழ்ப்பாணத்திலும் மின்சாரம் 50தான், அதே எண்கள். டொராண்டோவில் அக்கா கல்யாணத்துக்குப் போகிறவர்கள் 1/60க்கோ 1/120க்கு நெருங்கிய வேகத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள், அங்கே 60 சுழற்சி.

மார்கழியில் சபாக்களில் படமெடுக்கப் போகிறவர்களுக்கு இது நேரடியாகத் தலைவலி. ராகம் பாடும்போது க்ளிக் சத்தம் கேட்டால் முன்வரிசை ரசிகர் திரும்பி முறைப்பார். அதனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றிக்கொள்கிறோம். அதில் வரிகள் மெதுவாகப் படிக்கப்படுவதால் மேடையின் எல்.இ.டி. பட்டைகள் இன்னும் மோசமாக விழும். பட்டை வராமல் 1/100க்கு இறக்கினால் மிருதங்கக்காரரின் விரல்கள் கரைந்துபோகும். இயந்திர ஷட்டர், எலக்ட்ரானிக் ஷட்டர், 1/100, 1/500 என்று ஒவ்வொன்றிலும் ஓரிரு படம், திரை தூக்கி சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தனி ஆவர்த்தனம் வருவதற்குள் எதை விட்டுக்கொடுப்பது என்று உங்களுக்கு முடிவாகியிருக்க வேண்டும்.